துரையின் மேசையில் எங்கள் உலகப்படம்

எனக்குக் கோபம் வந்தால் யாரும் பயப்படுவதில்லை. குரல் கீச்சென்று போய்விடும், தொப்பை குலுங்கும், எதிரில் நிற்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நாற்பதைத் தாண்டிய பிறகு இதையெல்லாம் மாற்ற முடியாது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வாத்தியாராக இருந்தபோது வந்த ஒரு கோபம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. இதை எழுதும்போதுகூட நிப்பு காகிதத்தைக் கிழிக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க மூணாறுக்குப் போகவேண்டும். கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்துப் பிள்ளைகளை யார் மூணாறுக்கு அனுப்புவார்கள்? நாலாவது முடித்த கையோடு முதுகில் கூடை ஏறும். அதனால் ஐந்தாம் வகுப்பு தொடங்க அனுமதி கேட்டுக் கல்வி இலாகாவுக்கு எழுதிப் போட்டோம். இன்ஸ்பெக்டர் நேரில் வருவார், கரும்பலகை, பெஞ்சு, உலகப்படம் மூன்றும் இருந்தால்தான் கையெழுத்து என்று பதில் வந்தது.

பெஞ்சும் பலகையும் இருந்தன. உலகப்படம் இல்லை. சம்பள நாளன்று கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆளுக்கு ஓரணா போட்டார்கள். லீவில் பாலக்காட்டுக்குப் போன நான் திரும்பும்போது கோயமுத்தூரில் இறங்கி வாங்கி வந்தேன். துணி ஒட்டிய பெரிய படம், மேலும் கீழும் உருளைக் கட்டை. சின்னாறு செக்போஸ்டில் காவல்காரன் அதைத் தட்டிப் பார்த்து, உள்ளே சந்தனக்கட்டையா என்று கேட்டான். மறையூர்ச் சந்தனக் காட்டுக்குள்ளேயே சந்தனம் கடத்திக்கொண்டு போகிற முட்டாள் என்று என்னைப் பார்த்து ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது. முகராசி அப்படி.

படம் சுவரில் ஒரு வாரம்கூடத் தொங்கவில்லை. எஸ்டேட் மானேஜரான வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து பட்லர் வந்து நின்றார்.

“மாஸ்டர், அந்தப் படத்தத் துரை கேக்குறாரு. ஹோம் லீவுல சீமைக்குப் போறாருல்ல. போற வழியில ஒயின் நல்லா இருக்குற ஊராப் பாத்துத் தங்கிட்டுப் போகணுமாம். துரைக்கு ஒரு ஊரு புடிக்குது, துரைசானிக்கு இன்னொரு ஊரு. தெனம் சண்டை. படத்த விரிச்சுப் பாத்தாத்தான் தீருமாம்.”

துரைக்கு ஆறு மாத லீவு. அதில் எந்த நாட்டுத் திராட்சை ரசத்தை எந்த நதிக்கரையில் உட்கார்ந்து குடிப்பது என்பதுதான் குழப்பம். நானோ இருமல் மருந்தில் சாராயம் கலந்திருக்குமோ என்று முகர்ந்து பார்த்துக் குடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். இரண்டு நாளில் தருவார்கள் என்று படத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன்.

வாரங்கள் போயின. படம் வரவில்லை, இன்ஸ்பெக்டர் வரும் தேதிதான் வந்தது.

ஒரு சாயங்காலம் பங்களாவுக்குப் புறப்பட்டேன். ஏற்றம் முழுக்க இங்கிலீஷில் ஒரு பிரசங்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். ‘ஐயா, அது ஏழைகளின் சொத்து’ என்று ஆரம்பம். தேயிலைச் செடிகள் எல்லாம் அசந்துபோய்க் கேட்டன. பங்களா வாசலில் செருப்பைக் கழற்றியதும் பிரசங்கமும் கூடவே கழன்றுவிட்டது. “குட் ஈவினிங் சார், நாய் ரொம்ப அழகாக இருக்கிறது” என்றேன்.

சாப்பாட்டு மேசைமேல் எங்கள் படம் விரிந்து கிடந்தது. உருளைக் கட்டைகள் இரண்டு பக்கமும் தொங்கின. ஐரோப்பா முழுக்கச் சிவப்புப் பென்சில் வட்டங்கள். துரை பிரான்ஸில் விரலை வைத்துக்கொண்டு போர்தோதான் என்றார். துரைசானி ரைன் நதிக்கரைதான் என்றாள். யுத்தத்தில் யாரைப் பார்த்துச் சுட்டேனோ அந்த ஜெர்மன்காரன் கையால் கோப்பை வாங்கமாட்டேன் என்று துரை மேசையைக் குத்தினார். உடனே அவள் என் பக்கம் திரும்பி, “நீங்கள் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர்தானே, நீங்களே சொல்லுங்கள்” என்றாள்.

அந்த எஸ்டேட்டில் அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மூளை ஜில்லென்று ஆகிவிட்டது. போர்த்துகல், டூரோ நதி, மலைச்சரிவில் படிக்கட்டு மாதிரி திராட்சைத் தோட்டம், கப்பலில் ஏற்றும் துறைமுகம் என்று புத்தகத்தில் படித்ததையெல்லாம் கொட்டினேன். இரண்டு பேரும் கை தட்டினார்கள். டூரோவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள். எனக்கு ஒரு டம்ளர் எலுமிச்சை ரசம் வந்தது. குடித்தேன். நன்றி சொன்னேன். பாதி இறக்கம் வந்த பிறகுதான் கை வீசிக்கொண்டு நடக்கிறேன் என்பது உறைத்தது.

லயத்து முனையில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிப்பவள். அவள் பெண் நாலாவது முடிக்கப்போகிறாள். படத்துக்கு முதல் அணாவைப் போட்டது அவள்தான்.

“வாத்தியாரையா, படம் எங்க?”

“துரை இன்னும் பாத்துண்டிருக்கார்.”

“இன்னும் பாக்குறாரா? ஊரு பாக்கணும்னா வண்டியேறிப் போயிப் பாக்க வேண்டியதான?”

“நாளைக்கு வந்துடும்.”

“நீங்க கேட்டீகளா?”

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

“கேக்கலயா! அப்ப இம்புட்டு நேரம் அங்க என்னத்தப் பண்ணுனீக?”

“ஜூஸ் குடுத்தா. குடிச்சேன்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “எம் புள்ள அஞ்சாப்பு படிக்கணும்னு குடுத்த ஓரணா அது. தொர சாராயக்கட தேடுறதுக்கா குடுத்தேன்?” என்றாள்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. தொப்பை வைத்த ஒருவன் இதைவிடப் பெரிய சாட்சி சொல்ல முடியாது.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பிள்ளைகள் எண்ணெய் வழிய வழியத் தலை வாரி உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஜீப் எங்களைத் தாண்டி நேராகப் பங்களாவுக்குப் போயிற்று. மத்தியானச் சாப்பாடு அங்கேதானாம். கொஞ்ச நேரத்தில் பட்லர் இறங்கி வந்தார்.

“மாஸ்டர், படம் இப்பக் கெடைக்காது. மேசமேல சாப்பாடு வச்சாச்சு.”

“எந்த மேசைமேல?”

“படம் கெடக்குல்ல, அதே மேசதான். நான் என்ன பண்றது மாஸ்டர், எடுக்க வேணாம்னு துரைசானி சொல்லுச்சு.”

சாப்பாட்டு இடைவேளைக்கு வந்த பெண்கள் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாய் கூடையை இறக்கி வைத்தாள். “படம் இங்க வராட்டி புள்ளைக அங்க போகட்டும். எந்திரிங்கடா” என்றாள்.

அந்த ஊர்வலத்தில் முன்னால் போனது நான். பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வந்தவள் அவள்.

பங்களாவின் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. ஆப்பிரிக்காவின்மேல் கோழிக் குழம்பு. அட்லாண்டிக்கில் மூன்று கோப்பைகள், ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு வளையம். இன்ஸ்பெக்டர் ஒரு தட்டை முன்னால் வைத்துப் புட்டிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் குரல் கீச்சென்று கிளம்பியது. இந்தத் தடவை நான் அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

“சார், அஞ்சாம் கிளாசுக்கு உலகப்படம் உண்டான்னு கேட்டு எழுதியிருந்தேளே. உண்டு. உங்க தட்டுக்கு அடியில இருக்கு.”

இன்ஸ்பெக்டர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். கட்டை ஓரத்தில் பள்ளிக்கூடத்தின் பெயரை மையால் எழுதியிருந்தேன். அவர் மலையாளி, நல்ல மனுஷன், புட்டிங் தொண்டையில் நின்றுவிட்டது. எதையாவது கேட்டாக வேண்டும் என்று முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, “இந்தியா எவிடே மோளே?” என்றார்.

அது அந்தத் தாயின் பெண். மேசையை நன்றாக ஒரு சுற்றுப் பார்த்தது.

“அந்தச் சோடா பாட்டில எடுத்தாத் தெரியும் சார்.”

துரை விழுந்து விழுந்து சிரித்தார். பிரமாதம், பிரமாதம் என்று என் முதுகில் தட்டினார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். வேலையை விட்டு நீக்கியிருக்கலாம். அதையெல்லாம் மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியவில்லை. அவருக்கு நாங்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த வேடிக்கை.

ஐந்தாம் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. அதன் கீழே இன்ஸ்பெக்டர் ஒரு வரி சேர்த்திருந்தார்: எஸ்டேட் துரை பூகோளக் கல்வியில் காட்டும் தனி அக்கறை பாராட்டத்தக்கது. அதைப் படித்துவிட்டு வெளியே போய் ஒரு சில்வர் ஓக் மரத்தை உதைத்தேன். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கட்டைவிரல்தான் வீங்கியது.

துரை போர்த்துகலுக்குப் புறப்படுவதற்கு முந்தின சம்பள நாளில், வழியனுப்புப் பூமாலைக்காக ஆளுக்கு ஓரணா கேட்டு, வேலையை மேற்பார்வை பார்க்கும் எஸ்டேட் கண்டக்டர் மேசை போட்டு உட்கார்ந்தார். வரிசையில் அவள் முறை வந்தது.

“நாங்க தொரைக்கு ஒலகத்தையே குடுத்தோம். மால வேறயா?” என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் கொடுக்கவில்லை.

கண்டக்டர் என்னிடம் வந்து, வழியனுப்பு விழாவில் நான்தான் இங்கிலீஷில் வாழ்த்து வாசிக்க வேண்டும் என்றார். தொண்டை கட்டியிருக்கிறது, சத்தமே வரவில்லை என்று கிசுகிசுத்தேன். சரி, உடம்பைப் பாரும் என்று போய்விட்டார்.

விழா நடந்துகொண்டிருந்த நேரத்தில், பட்லர் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்த உலகப்படத்தை ஐந்தாம் வகுப்புக்கு மாட்டினேன். ஆப்பிரிக்காவில் குழம்புக் கறை, அட்லாண்டிக்கில் கோப்பை வளையம். அவள் பெண் முதல் பெஞ்சில் இருந்தது. பங்களா வரைக்கும் கேட்கிற மாதிரி, தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்தினேன்.