ஆண்துணை

நான் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தின் வில்லரேப் பகுதியில், என் மகள் போகும் பிள்ளைகள் காப்பகத்தில் சமைத்தவர் ஒரு மாலி நாட்டுப் பெண். நெடிய உருவம், மஞ்சள் தலைத்துணி. நடைபாதையில் யாருக்கும் ஒதுங்காமல் நடுவிலேதான் நடப்பார்.

ஒருநாள் பஸ் தரிப்பில், ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். மருத்துவிச்சி என்றார். தலைநகரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த குழப்பத்தில், வடக்கிலிருந்த அவருடைய ஊரை ஆயுதக்காரர்கள் கைப்பற்றி, இனி இது இஸ்லாமியக் குடியரசு என்று அறிவித்தார்களாம். பெண்கள் ஆண்துணையின்றி வெளியே வரக்கூடாது என்றார்களாம். அவருக்கோ கணவரும் இல்லை, மகன்மாரும் இல்லை.

"அப்ப பிள்ளைப்பேறு பார்க்க எப்பிடிப் போனனீங்கள்?"

அவர் பிரெஞ்சில் சொன்ன பதில் எனக்கு இப்படித்தான் கேட்டது:

"தங்கச்சியின்ர கைக்குழந்தையை முதுகில கட்டிக்கொண்டு போவன். துணை எங்கை எண்டு மறிச்சால் திரும்பி நிண்டு காட்டுவன். இவன் ஆம்பிளைதான், சந்தேகமெண்டால் துணியை விலக்கிப் பாருங்கோ எண்டுவன்."

"விட்டவையே?"

"துவக்கோட நிண்ட ஒருத்தரும் விலக்கிப் பார்க்க வரேல்லை. அவன் நடக்கப் பழக முன்னமே அந்தக் குடியரசு விழுந்திட்டுது. நான் ஒரு பேறையும் தவறவிடேல்லை."

மட்டக்களப்புச் சோதனைச்சாவடிகளைத் தலைகுனிந்தே கடந்து வளர்ந்தவள் நான். அன்று அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றதை இன்றும் பெருமையாக நினைக்கிறேன்.