யாரும் ஜெயிக்காத ஆட்டம்

பையனைப் பெற்றவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார்கள் என்று முடிவான நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகனைப் பார்க்க மதுரையிலிருந்து இந்த நாட்டுக்கு விமானம் ஏறி வந்தவர்கள், தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கத்தில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் தங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை திரும்பிப் போகிறார்கள். அதற்குள் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊருக்குப் போய்க் கல்யாண வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையை நான்தான் சொல்ல வேண்டும். என் கணவரிடம் மகள் கேட்டால் "உங்கம்மாவக் கேளு" என்பார். என் மகளைக் கேட்டால் "நீங்க வேணாம்னா வேணாம்மா" என்பாள்.

அந்த "வேணாம்னா வேணாம்மா" இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கட்டினா இவனைத்தான் கட்டுவேன், உங்களால ஆனதப் பாருங்க" என்று கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என் மகள் கத்தவே மாட்டாள். சாப்பாட்டுக் கடையில்கூட எனக்கு என்ன வேண்டுமோ அதையே தனக்கும் சொல்வாள். பாலிடெக்னிக்கில் நான் சொன்ன பாடத்தை எடுத்தாள். வாயில்லாப் பூச்சி. இவளைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத குடும்பத்தில் விட்டால் முழுங்கி ஏப்பம் விட்டுவிடுவார்களே என்று எனக்குப் பயம்.

பையனைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. இங்கே இன்ஜினியர் வேலை, அடக்கமான பேச்சு. பயமெல்லாம் அவன் அப்பாவைப் பற்றித்தான். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டால்கூட அதட்டுகிற மாதிரி இருக்கும். போட்டோவில் அவ்வளவு பெரிய மீசை. பக்கத்தில் அந்த அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து என் கண் வலித்ததுதான் மிச்சம்.

"மா, வர்றவங்கள உக்கார வெச்சு இன்டர்வியூ பண்ணாதீங்க, ப்ளீஸ்," என்றாள் மகள். "ஏதாச்சும் போர்டு கேம் ஆடலாம். ஈஸியா பேச்சு வரும் லா."

அவர்கள் இரண்டு பேரும் பழகியதே அப்படித்தான். சைனாடவுனில் ஒரு மாடிக் கடையில் வார இறுதியில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து விளையாடுவார்களாம். அங்கே எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். எனக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. நான் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் டீச்சர். தாயம் உருட்டிக் காயைப் பாம்பு கொத்துகிற நேரத்தில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போதும், அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். தோற்றதும் ஓவென்று அழுது "இன்னொரு தடவை!" என்று நிற்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. தோற்றுவிட்டு அழகாகச் சிரிக்கிறதே ஒன்று, அதைப் பார்த்தால்தான் கவலை. சரி, அந்த மீசைக்காரர் தோற்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

எந்த ஆட்டம் என்பதில் ஆரம்பித்தது அடுத்த தலைவலி. அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பரமபதம் வேண்டாம். சம்பந்தம் பேச வந்த மனிதரை வீட்டுக்குள் வந்ததும் பாம்பு கொத்தினால் நன்றாகவா இருக்கும்? லூடோ யாருக்கும் தெரியும், சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனால் அதில் ஒருத்தர் காயை ஒருத்தர் வெட்ட வேண்டும். நல்ல காரியம் பேசுகிற இடத்தில் "வெட்டு, வெட்டு" என்று வாயில் வரலாமா? இடம் வாங்கி வீடு கட்டுகிற ஆட்டத்தைத் தொடக்கூட மாட்டேன். ஒரு தீபாவளிக்கு என் கணவரும் அவர் தம்பியும் அதை ஆடி, ஒரு காகித ஹோட்டலுக்காகச் சண்டை போட்டதில், தம்பி தான் கொண்டுவந்த முறுக்கு டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேரம் என்றால் என் கணவர் வேறு ஆளாகிவிடுவார். எழுத்துகளை அடுக்கி வார்த்தை கட்டுகிற ஆட்டம் இங்கிலீஷ், அந்த அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டால்?

கடைசியில் மகளே ஒரு பெட்டியை எடுத்தாள். பெரிய வரைபடம், ஊருக்கு ஊர் தண்டவாளக் கோடுகள். ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்து, அந்த நிறப் பாதையில் நம் குட்டி ரயில்களை அடுக்க வேண்டும். எந்த ஊரை எந்த ஊரோடு இணைக்க வேண்டும் என்று ஆளுக்கொரு ரகசியச் சீட்டு, இணைத்தால் புள்ளி. ஒருத்தர் அடுக்கிய பாதையில் இன்னொருத்தர் போக முடியாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

"பிகினர்ஸுக்கு இதான் பெஸ்ட், மா. வெட்டுறது, கொத்துறது எதுவும் இல்ல," என்றாள்.

சனிக்கிழமை காலையில் தேக்காவுக்குப் போய் வாழைக்காயும் பூவும் வாங்கிக்கொண்டு தெம்பனிஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். வந்ததும் என் கணவரை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இங்க பாருங்க. நாம பொண்ணு வீடு. தணிஞ்சு போகணும். ஜெயிச்சுத் தொலைச்சிராதீங்க." அவர் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்? நாங்கள் ஜெயிக்காமல் மீசைக்காரர் தோற்பது எப்படி என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

வந்தார்கள். மீசை நேரில் இன்னும் பெரிசு. அந்த அம்மா சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பஜ்ஜி, டீ, ஊர் வெயில், இந்த ஊர் மழை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டோம். அதற்குமேல் என்ன பேசுவது? மகள் பெட்டியைத் திறந்தாள். ஆட்டம் ஐந்து பேருக்குத்தான் என்பதால் பையன் ஓரமாக உட்கார்ந்து விதிகளைச் சொன்னான்.

அதன்பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! யாரும் ரயிலை வைக்கவே இல்லை. என் கணவர் சீட்டை எடுத்தார், "நீங்க வைங்க சார்" என்றார். மீசைக்காரர் சீட்டை எடுத்து, "இல்லண்ணே, நீங்க மொதல்ல வைங்க" என்றார். நானும் சீட்டை எடுத்துக்கொண்டு சிரித்தேன். அந்த அம்மாவும் எடுத்துக்கொண்டு சிரித்தார். என் மகளும்தான். சுற்று மேல் சுற்று போயிற்று. ஆளாளுக்குக் கையில் விசிறி மாதிரி சீட்டு, நடுவில் வரைபடம் காலி. டீ ஆறிவிட்டது. சின்னப் பிள்ளைகள் விதி தெரியாமல்தான் சொதப்புவார்கள். நாங்கள் எல்லாம் தெரிந்துகொண்டே, மரியாதைக்காகத் தோற்பதற்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. மீசைக்குக் கீழே வைத்த சிரிப்பு அப்படியே இருந்தது. என் பயம் கூடிக்கொண்டே போயிற்று. தோற்கும்போது சிரிக்கிற பிள்ளையைப் பற்றிச் சொன்னேனே, அந்தச் சிரிப்பு. எதிரே என் மகள் முகத்திலும் அதே சிரிப்பு. மணி ஆகிக்கொண்டிருந்தது. இவர்கள் கிளம்பிவிடுவார்கள், நான் எதுவும் தெரியாமலே "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லித் தொலைக்க வேண்டும்.

அப்போது அவர் தன் கையிலிருந்த சிவப்புச் சீட்டை உருவி என்னிடம் நீட்டினார். "உங்களுக்குச் சிவப்பு தேவைப்படுது போல. எடுத்துக்கங்கம்மா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என்ன செய்வது, பிறவிக் கோளாறு. "என்ன சார் இது! ஒண்ணு நெசமா ஆடுங்க, இல்லேன்னா மூடி வெச்சிட்டுப் பஜ்ஜியத் தின்னுட்டுப் போவோம். பொய்யாத் தோத்துக்கிட்டு உக்காந்திருக்க இங்க யாருக்கும் நேரம் இல்ல!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

முதலில் சத்தம் வந்தது அந்த அம்மாவிடமிருந்து. சிரிப்புச் சத்தம்.

"நல்லாக் கேளுங்க! வீட்ல தாயம் உருட்டுனா என் காயை வெட்டாம இவருக்குத் தூக்கம் வராது. இங்க வந்து வள்ளல் வேசம் போடுறாரு. தேக்காலருந்து ரயில்ல வரும்போதே எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தாரு, மொத தடவ போறோம், அவங்க வீட்ல போயி ஜெயிச்சிரக் கூடாதுன்னு." புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சோபாவிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எல்லாச் சீட்டையும் கலைடா தம்பி. மொதல்லருந்து ஆடுவோம்."

பையன் கலைத்துப் போட்டான். இந்தத் தடவை யாரும் "நீங்க வைங்க" என்று சொல்லவில்லை. அந்த அம்மா மளமளவென்று பச்சை ரயிலை அடுக்கினார். என் கணவர் கேரம் ஆடுகிற மனிதராக மாறிவிட்டார். மீசைக்காரர் வரைபடத்தின் மேல் கவிழ்ந்துகொண்டு, வடக்கிலிருந்து தெற்கே ஒரு நீண்ட பாதையை இழுத்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரே ஒரு சின்ன இடைவெளிதான் பாக்கி. அடுத்த சுற்றில் அதை மூடிவிட்டால் ஆட்டம் அவருடையது.

என் மகள் இரண்டு மஞ்சள் ரயிலை எடுத்தாள். அந்த இடைவெளியில் வைத்தாள்.

"சாரி அங்கிள்" என்று சொல்வாள், எடுத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள்.

அவர் முகம் விழுந்தது. நிஜமாக விழுந்தது, மீசையோடு சேர்ந்து. பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். "ஆத்தாடி! இன்னும் வீட்டுக்கே வரல, அதுக்குள்ள மாமனார் வழியவே மறிச்சிட்டாளே! இது செல்லாது, இன்னொரு ஆட்டம் போடு!" என்றார். என் வகுப்பில் இருக்கிற நாலு வயசுப் பையன்கூட இவரிடம் தோற்றுப்போவான். அந்த நிமிஷமே அவரைப் பற்றிய பயம் எனக்கு விட்டுப்போயிற்று.

அவள் அதோடு நிற்கவில்லை. அடுத்து அப்பாவை மறித்தாள், அதற்கடுத்து என்னை. என் ரகசியச் சீட்டில் என்ன ஊர் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாளோ! கடைசியில் எண்ணிப் பார்த்தபோது எங்களில் ஒருத்தர்கூட அவள் பக்கத்தில் வரவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்:

"இன்னிக்கு ரொம்பப் பாவம் பாத்து ஆடுறா ஆன்ட்டி. எங்க டேபிள்ல இவ கூட உக்கார எல்லாரும் பயப்படுவோம்."

அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. அவனுக்கு இது புதுசே இல்லை. அந்த அறையில் இது எனக்குத்தான் புதுசு.

கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன மதினி, ஊருக்குப் போயி நாள் பாக்கச் சொல்லவா?"

இன்னும் நான் எதுவுமே சொல்லவில்லை, அதற்குள் மதினி! "பாருங்க மதினி," என்றேன். அந்த ஒரு வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு நானும் மகளும் தரையில் உட்கார்ந்து குட்டி ரயில்களை நிறம் பிரித்துப் பைகளில் போட்டோம். இந்த வீட்டில் இத்தனை வருஷமாக லூடோவோ பரமபதமோ எது ஆடினாலும் என்னிடம் தோற்றுவிட்டு, "பரவால்லம்மா" என்று சிரித்த பெண் இவள். இவள் வாயில்லாப் பூச்சி என்று நான் அழுதிருக்கிறேன்.

"ஏண்டி, என்கிட்ட மட்டும் ஏன் தோத்தே?" என்று கேட்டேன்.

பையின் வாயைக் கட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "நீங்க தோத்தா பேசாம ரூமுக்குள்ள போயிருவீங்க மா. எனக்கு நீங்க பேசணும்."

கட்டிய பையை அவள் கையிலிருந்து வாங்கி, அவிழ்த்துத் தரையில் கொட்டினேன்.

"இன்னொரு ஆட்டம் போடு. நெசமா ஆடு."

"நெசமாவா?" என்று கேட்டாள். "உள்ள போயிர மாட்டீங்கல்ல? அழ மாட்டீங்கல்ல?"

மாட்டேன் என்றேன். அவள் சீட்டைக் கலைத்துப் போட்டு முடிப்பதற்குள்ளேயே அழுதுவிட்டேன். ஆனால் உள்ளே போகவில்லை.