மேனாம்பேட்டிலிருந்து ஒரு பிடி மண்

ஆடி ஞாயிறு, காலை ஆறரை மணி. மேனாம்பேட்டு அம்மன் கோயிலில் பூசாரி ஒரு பிடி மண்ணை அள்ளிக் கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி என்னிடம் கொடுத்தார். குத்தம்பாக்கத்தில் என் மகள் குடியிருக்கும் புது நகரில் கோயில் இல்லை. இந்த மண்ணை வைத்துத்தான் அங்கே அம்மனை உட்கார்த்தப் போகிறார்கள். வழியில் கலயம் தரையைத் தொடக்கூடாது. எங்கே இறக்கி வைக்கிறோமோ அங்கேயே அவள் தங்கிவிடுவாள்.

மகள் ஆட்டோவில் வரச் சொன்னாள். பஸ் இருக்க ஆட்டோ எதற்கு என்று அம்பத்தூரில் ஏறினேன். இருபது வயதில் இதே வழியில் சைக்கிளில் ஓர் ஆட்டைக் கட்டிக்கொண்டு போனேன். அது அயப்பாக்கத்தில் குதித்து ஓடிவிட்டது. அந்த ஆட்டைவிட இந்தக் கலயம் கனத்தது.

எட்டு மணி, பூந்தமல்லி. கிளம்பும்போது குடித்த இரண்டு டீ வேலையைக் காட்டியது. கையில் அம்மன், கழிப்பறையோ பஸ் நிலையத்தின் அந்தக் கோடியில். பெஞ்சில் ஜெபமாலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஞாயிறுதோறும் இங்கே மாதா கோயில் பூசைக்கு வந்து ஆவடி திரும்புகிறவளாம். என் தவிப்பைப் பார்த்து விசாரித்தாள். சொன்னேன்.

"குடு நைனா, நான் வெச்சிகினு கீறேன். ஆனா நான் வேதக்காரி. ஒங்காத்தா கோச்சுக்குமா?"

"தெர்லம்மா. கேக்கறதுக்கு இப்ப டைம் இல்ல."

சிரித்துக்கொண்டே மடியில் வாங்கினாள். அவள் அப்பாவும் வேளாங்கண்ணியிலிருந்து மாதா சொரூபத்தை ரயிலில் இப்படி மடியில் வைத்தே கொண்டுவந்தாராம்.

திரும்பி வந்தால் பெஞ்ச் காலி. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பக்கம் குத்தம்பாக்கம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதன் படியில் ஒரு காலை ஊன்றி, கலயத்தை மார்போடு அணைத்தபடி, அவள் டிரைவரிடம் மல்லுக்கு நின்றாள்.

"வா பெருசு," என்றார் டிரைவர். "ஒன் சாமிய ஏத்தாம வண்டிய எடுக்க உடமாட்டேன்னுது இந்தம்மா."

இதற்குள் ஆவடி பஸ் போய்விட்டிருந்தது.

ஒன்பது மணிக்குக் குத்தம்பாக்கம். பெண்கள் வேப்பிலையோடு காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள், வழியில் எங்காவது இறக்கினேனா என்று கேட்டாள். மறைக்க மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். மகள் முகம் சுருங்கியது.

"அந்தம்மா கீய வெச்சாங்களா?" என்றாள் மூத்தவள்.

"இல்ல."

"அப்பறம் இன்னா? ஆத்தா சொகமா மடியில குந்திகினு வந்துகீறா. கொண்டா."

மண் குழியில் இறங்கியது. எல்லோருக்கும் கூழ் ஊற்றினார்கள்.

மாலையில் வெறுங்கையோடு பஸ் ஏறினேன். எங்கள் மேனாம்பேட்டு அம்மனையும் யாரோ எங்கிருந்தோ பிடிமண்ணாகக் கொண்டுவந்ததாக அப்பா சொல்வார். எந்த ஊர், யார் கை, அவருக்குத் தெரியாது. அந்த ஆளுக்கும் வழியில் அவசரம் வந்திருக்கும்; யாரோ மடி கொடுத்திருப்பார்கள்.

பூந்தமல்லியில் அந்த பெஞ்சைப் பார்த்தபோதுதான் அவள் பேரைக் கேட்காதது உறைத்தது. அடுத்த ஞாயிறு கூழ்த்தூக்கோடு அங்கே உட்கார்ந்திருப்பேன்.