பொன்னுமணி உட்கார்ந்த மடி

துபாயிலிருந்து பம்பாய்க்கு ஆயிரத்து இருநூறு மைல் என்றால், விமானம் எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்? 1982-இல் போடி பக்கத்துச் சிலமலையில் யாருக்கும் இதற்கு விடை தெரியவில்லை. பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருந்த எனக்கும் தெரியவில்லை.

கேட்டவள் வீரலட்சுமி. தினமும் ஜீப்பில் மலை மேலிருக்கும் போடிமெட்டுக்கு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். மகள் பொன்னுமணிக்கு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் குரங்கணி அடிவாரக் குலசாமி கோயிலில் காது குத்த நாள் குறித்திருந்தது. பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் காசிமாயனோ துபாயில் கட்டட வேலையில் இருந்தான். செவ்வாய்க்கிழமை காலையில் விமானம் ஏறுவதாகக் கடிதம் போட்டவன், மைலை எழுதி மணியை எழுதாமல் விட்டுவிட்டான்.

ஜீப்பு ஓட்டுகிறவர் ஒச்சப்பன், அவள் புருஷனின் அண்ணன். வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே கணக்குப் போட்டார்.

"போடியில இருந்து மெட்டுக்குப் பதினாறு மைலு, ஒன்னேகால் மணி நேரம். ஆயிரத்து இருநூறு மைலுக்குத் தொண்ணூத்து நாலு மணி. பிளேன் நம்ம ஜீப்பை விட ரெண்டு மடங்கு வெரசுன்னு வச்சாலும் வியாழக்கெழமதான் பம்பாய். அப்புறம் ரயிலு ரெண்டு நாளு. ஒன் தம்பி வர்றப்ப கம்மல் மாட்டி காதே ஆறியிருக்கும், ஆத்தா!"

ஜீப்பே சிரித்தது. "பேசாம ஒன் தம்பியோட பங்காளி பால்சாமி மடியில உக்கார வையி, அவனும் மாமன் முறதான" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வீரலட்சுமிக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் துபாய் வெயிலில் நின்றவனின் உரிமை அந்த மடி. அதை ஒரு ஜீப்புக் கணக்குக்காக விட்டுக்கொடுப்பதா? மெட்டில் இறங்கியதும் கீழே கையை நீட்டினாள்.

"பெரிய மச்சான், இங்க நின்னா போடி காலுக்குக் கீழ தெரியுது. பதினேழு வளைவு வளைஞ்சு வர்றதாலதான் இம்புட்டு நேரம். மேல போறவனுக்கு வளைவு ஏது? எந்த லாரிக்கு ஒதுங்கணும், எங்க நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்? அன்னைக்குப் பொழுதுக்குள்ளயே பம்பாய் வந்துருவான். ரயிலு ரெண்டு நாளுன்னாலும் வெள்ளிக்கெழம காலையில வந்து எறங்கிருவான், போடி பஸ் ஸ்டாண்டுல போயி நில்லுங்க."

"வரலைன்னா?"

"பன்னெண்டு அடிச்சதும் நானே பால்சாமியைக் கூப்பிடுறேன்."

வெள்ளிக்கிழமை. ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். பதினொன்றரை ஆயிற்று. பால்சாமி புது வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வீரலட்சுமி பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

மலைப்பாதையில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. ஒச்சப்பனுக்குப் பக்கத்தில், கசங்கிய சட்டையோடு காசிமாயன்.

"பிளேன்ல எத்தன மணி நேரம்டா?" அதுதான் அக்காளின் முதல் கேள்வி.

"மூணு மணி நேரந்தாங்க்கா. மச்சான் ஜீப்புலதான் ஒரு மணி நேரம், போடியில இருந்து இந்தா இருக்க குரங்கணிக்கு!"

"இரு மாப்ளே, திரும்பிப் போறப்ப நடந்தே போவ" என்றார் ஒச்சப்பன். பொன்னுமணி மாமன் மடியில் உட்கார்ந்து, மலை எதிரொலிக்க அழுதாள்.

அதன்பிறகு குவைத், மஸ்கட் என்று யார் கிளம்பினாலும் ஜீப்பில் வீரலட்சுமியிடம்தான் மணி கேட்டார்கள். அவளும் தயங்காமல் சொன்னாள்.

உங்கள் ஊரிலும் தூரத்தில் இருப்பவன் வரமாட்டான் என்று அவன் இடத்தை யாராவது இன்னொருவருக்குக் கொடுக்கப் பார்த்தால், வீரலட்சுமியின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். கேட்டவர்களையும் சொல்லச் சொல்லுங்கள்.