உப்புத் தண்ணீரும் எலும்புப் பொடியும்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வாஷ்பேசின் முன்னால் குனிந்தபடி நிற்கிறேன். வெள்ளைப் பீங்கானில் கொஞ்சம் ரத்தம். நடுவே ரவை மாதிரி நாலைந்து துணுக்குகள்...

அவ்வளவும் என் தாடைக்குள் இருக்க வேண்டியவை.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆயக்குடிக் கொய்யாவை ஆசைப்பட்டு ஒரு கடி கடித்ததில், வலது கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. திண்டுக்கல்லில் நான் வழக்கமாகப் போகும் பல் டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்தார்.

"எடுத்துத்தான் ஆகணும் சார். ஆனா சும்மா விட்டா, அந்த எடத்துல தாடை எலும்பு தேஞ்சு உள்ள போயிரும். குழியில எலும்புப் பொடி வச்சுத் தச்சிருவோம். நாலு மாசம் கழிச்சு ஸ்க்ரூ முடுக்கி இம்ப்ளாண்ட் பல் வைக்கலாம்."

தேய்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். இடது பக்கம் இரண்டு பல்லை எடுத்துவிட்டு, 'பிறகு பார்த்துக்கலாம்' என்று நாலு வருடம் ஓட்டியவன் நான். இப்போது அங்கே ஸ்க்ரூ முடுக்கக்கூட எலும்பு இல்லை. மெல்லுவதற்கு மிச்சம் வலது பக்கம்தான். அதுவும் போனால்? ஐம்பத்து நாலு வயதிலேயே கஞ்சியா?

மதியம் பல் வெளியே வந்தது, பொடி உள்ளே போனது, தையலும் போட்டாயிற்று. கிளம்பும்போது டாக்டர் என்னிடம் பேசவில்லை. என் மனைவி மகேஸ்வரியிடம்தான் சொன்னார். "நாளைக்கு மதியம் வரைக்கும் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது. பொடி வெளிய வந்துரும்." என் குணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்து மணிக்கு சேவுகம்பட்டியிலிருந்து அண்ணன் போன். "ஏலே, உப்புத் தண்ணி கொப்புளிச்சியா? இல்லைன்னா சீழ் வச்சிரும்டா."

பல் பிடுங்கினால் உப்புத் தண்ணீர் — நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தானே சொல்வார்கள்? வாயெல்லாம் ரத்த வாடை வேறு. அடுப்பில் தண்ணீரை வைத்து, உப்புப் போட்டு டம்ளரில் ஊற்றினேன்.

மகேஸ்வரி டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, டாக்டரம்மா அம்புட்டுச் சொல்லியும் இப்புடிப் பண்ணுனா எப்புடி? நாளைக்கு வரைக்கும் பொறுங்க."

"எனக்குத் தெரியும். நீ போ." வெடுக்கென்றுதான் சொன்னேன்.

மூன்று வாய் கொப்பளித்து, பலமாகத் துப்பினேன். அப்புறம்தான் பீங்கானில் அந்த ரவை.

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "வாங்க, கிளினிக் மூடுறதுக்குள்ள போயிருவோம். வாயத் தொறக்காதீங்க."

பின்னால் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும், இதோ மிச்சமும் போச்சு என்று பயம். நாக்கு தையலைத் தேடிப் போனது... அதட்டி அடக்கினேன்.

டாக்டர் லைட்டைத் திருப்பி, வாய்க்குள் பார்த்தார். பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை.

"ஒரு தையல் லூஸாயிருச்சு. மேல இருந்த பொடி கொஞ்சம் போயிருக்கு. மேல மூடுன சவ்வு நகரல. அதனால தப்பிச்சீங்க."

ஊசி போட்டு, இன்னொரு தையல் போட்டு, கடித்துக்கொள்ளப் பஞ்சும் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"யாரு கொப்பளிக்கச் சொன்னது?"

"நாந்தான் டாக்டர்" என்றாள் மகேஸ்வரி. "தெரியாமத் தண்ணி வச்சுக் குடுத்துட்டேன்."

"உங்ககிட்டத்தானேங்க அவ்வளவு சொன்னேன்? அவருக்கு இருக்கறதே இந்த ஒரு பக்கம்தான். இதுவும் போயிருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் பஞ்சு, உதடு மரத்துப்போயிருந்தது — எல்லாம் சரி. 'இல்லை' என்று தலையாட்டுவதற்கு வாய் எதற்கு?

நம் வீடுகளில் ஆம்பளை பண்ணும் தப்புக்குத் திட்டு வாங்கிக்கொள்ள, கேட்காமலே ஓர் ஆள் வந்து நிற்கிறது. அது நமக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது எனக்கு.

நாளை மறுநாள் தையல் பிரிக்கப் போகிறோம். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை டாக்டர் தவறாமல் படிப்பவர். மகேஸ்வரி மறுபடி அவர் முன்னால் தலை குனிவதற்குள் சொல்லிவிடுகிறேன்:

டாக்டர், தண்ணீர் வைத்தது நான். அவள் டம்ளரைப் பிடுங்கப் பார்த்தாள்.