பைலாவும் வேலிக்கு வெளியே நின்ற காகனும்

பைலா ட்ரூப்னிக்குக்கு கனடாவின் வின்னிபெக்கில் உயிரோடு இருக்கிறவர்களைவிட மண்ணுக்குள் இருக்கிறவர்களோடுதான் பழக்கம் அதிகம். பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் காலமெல்லாம் உட்கார்ந்து, வலியில் கத்துகிறவர்களை "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று அடக்கிவைத்தவள். ஓய்வு கிடைத்ததும் கத்தவே கத்தாத ஆட்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பனி உருகி மண் காய்ந்ததும் தண்ணீர் தெளிப்பான், மெல்லிய பிரஷ், காமிரா, முகம் பார்க்கும் கண்ணாடி என்று ஒரு பையை நிரப்பிக்கொண்டு நகரின் வடகோடியில் உள்ள பழைய யூதக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவாள். கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கல்லின்மேல் சாய்த்து அடித்தால், தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். அதைப் படமெடுத்துப் பெயரைக் கணினியில் ஏற்றிவிட்டால், உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற பேரனும் தன் தாத்தாவைத் தேடிப் பிடிக்கலாம். இதற்குப் பணம் வேண்டும். பணம் யூத வம்சாவளிச் சங்கத்தின் நிதியில் இருந்தது. நிதியின் சாவி ஹெஷல் காகனிடம் இருந்தது. அங்கேதான் வம்பு.

ஹெஷல் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். எழுபதைத் தாண்டியும் பிரம்மச்சாரி. அவர் கோஹன், அதாவது ஆரோன் வழிவந்த ஆசாரியர் குலம்; காகன் என்பதே கோஹன் என்பதன் ருஷ்ய உச்சரிப்புதான். ஜெபக்கூடத்தில் தோரா வேதம் வாசிக்க முதல் அழைப்பு கோஹனுக்கு, இரண்டாவது கோஹனுக்கு ஊழியம் செய்யும் லேவி குலத்துக்கு, மிச்சம்தான் ஊருக்கு. பண்டிகை நாளில் கோஹன் இரண்டு கைகளையும் தூக்கி ஆசி சொன்னால் சபை தலை குனியும். இத்தனை மரியாதைக்கும் விலை உண்டு. பெற்றவர், உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய ரத்தத்தைப் புதைக்கும் நேரம் தவிர, கோஹன் கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. உயிர்ச் சிநேகிதனைப் புதைத்தபோதுகூட ஹெஷல் உறைபனியில் காதைப் பொத்திக்கொண்டு வேலிக்கு வெளியேதான் நின்றார். அவருக்காக, யூதர் வழக்கப்படி, ஒரு கூழாங்கல்லைக் கொண்டுபோய்க் கல்லறைமேல் வைத்தது பைலா.

இன்னொரு விலையும் உண்டு. விவாகரத்தான பெண்ணைக் கோஹன் கட்டக் கூடாது.

பைலா இருபத்தொரு வயதில் ஒரு கம்பளி வியாபாரியைக் கட்டி, அவன் கம்பளிக்குள் வேறு ஆட்களும் இருப்பது தெரிந்து, முறைப்படி விலக்கும் வாங்கிக்கொண்டு வந்தவள். அதற்குப் பிறகுதான் ஹெஷல் அவளுக்குக் கண் பரிசோதித்தார். பார்வையில் குறையே இல்லாத பெண்ணுக்கு ஒரே வருஷத்தில் நாலு கண்ணாடி மாற்றினார். ஒருநாள் கல்யாணப் பேச்சும் எடுத்தார். "ரப்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று போனார். மதகுருவான அன்றைய ரப்பி தலையாட்டவில்லை. ஹெஷல் வந்து சொல்லவும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் சாப்பிட மட்டும் வந்தார். சட்டம் கல்யாணத்தைத் தடுத்தது, கோழி சூப்பைத் தடுக்கவில்லை. "ரெண்டும் கெட்டான்" என்று ஊர் பேசியது. பேசட்டும், ஊருக்கு வேறென்ன வேலை!

அந்த வருஷக் கூட்டம் ஜெபக்கூடத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. உப்பு ஹெர்ரிங் மீனும் ரை ரொட்டியும் இருந்ததால் தலைவி டுவோரா பிங்கலுக்குப் பேச வாய் ஒழியவில்லை. பைலா கேட்டது இரண்டு: கடைசி வரிசையில் குப்புற விழுந்து கிடக்கும் கற்களைத் தூக்கி நிறுத்த ஆள்கூலி, கல்லில் உள்ள தகப்பன் பெயர்களையும் அட்டவணையில் ஏற்ற, எபிரேயம் படிக்கும் ஆளுக்குச் சம்பளம்.

"குடும்பப் பேரு இருக்கு, செத்த தேதி இருக்கு. அப்பன் பேரு எதுக்கு? ரெட்டைச் செலவு" என்றார் ஹெஷல்.

"குடும்பப் பேரா? அது நேத்து வந்து ஒட்டிக்கிட்டது, ஹெஷல். ருஷ்யாவுல ஜார் மன்னன் பட்டாளத்துக்கு ஆள் புடிக்க வந்தா, அண்ணன் ஒரு பேருல ஓடுவான், தம்பி வேற பேருல ஓடுவான். அப்பன் பேரை மட்டும் எவனும் மாத்தல."

"எங்க வீட்ல எவனும் எதையும் மாத்தல. காகன்னா காகன். ஆரோன் காலத்துலேர்ந்து."

"ஆமா, ஆரோன்தான் வந்து உனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வச்சுக் குடுத்தாரு!"

டுவோரா சிரிப்பில் மீன்முள் தொண்டையில் சிக்கி இருமினாள். அவள் முதுகில் தட்டிவிட்டு பைலா குரலைத் தாழ்த்தினாள். "பதிவேட்டுப்படி உன் தாத்தா கல்லு அந்தக் கடைசி வரிசைலதான் கெடக்கு. நீயும் பார்த்ததில்ல, உங்கப்பாவும் பார்த்ததில்ல. ஒரு படமாவது கொண்டாந்து தர்றேனே."

ஹெஷல் கையிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். "சரி. கூலி உண்டு, சம்பளம் உண்டு. கொசு மருந்துக்குப் பைசா கிடையாது" என்றார்.

வின்னிபெக்கின் ஜூலைக் கொசுவைப் பற்றி இந்த ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆளைத் தூக்காமல் விட்டால் புண்ணியம். வலைத்தொப்பிக்குள் மூஞ்சியைச் செருகிக்கொண்டு பைலா நின்றாள். இரண்டு ஆட்கள் கடப்பாரை போட்டு ஹெஷலின் தாத்தா செலிக் காகனின் கல்லைப் புரட்டி நிறுத்தினார்கள். கோஹனின் கல்லில் ஆசி சொல்லும் இரண்டு கைகள் செதுக்கியிருக்கும். அவள் மண்ணைக் கழுவி, கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சம் அடித்தாள்.

கைகளைக் காணோம். அங்கே ஒரு கெண்டி இருந்தது. கோஹனின் கையில் தண்ணீர் ஊற்றுகிற லேவியின் கெண்டி. கீழே தெளிவாக, "செலிக், லெய்பின் மகன், லேவி."

பைலா முதலில் சிரித்தாள். அப்புறம் புல்லில் உட்கார்ந்து, வலைத்தொப்பியைக் கழற்றாமலே அழுதாள். "பாவி மனுஷா, பாவி மனுஷா" என்று கல்லைப் பார்த்துத் திட்டினாள். லேவி யாரையும் கட்டலாம். லேவி எந்தக் கல்லறைக்கும் போகலாம். ஒரு ஆயுசே போயிற்றே!

ஆனாலும் ஒரு கல்லை நம்பி ஒரு குலத்தைக் கவிழ்க்கிறவள் இல்லை அவள். தகப்பன் பெயர்கள் ஏறி முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு "லெய்ப்" என்று போட்டுத் தேடினாள். அதே வரிசையில் ஃபைவல் டூபின், அதே லெய்பின் மகன், அதே சிற்றூர்க்காரர். அவர் கல்லிலும் கெண்டி. அண்ணன் தம்பி! விஷயம் விளங்கிவிட்டது. பட்டாளத்துக்குப் பயந்து, செத்துப்போன வேறொருத்தனின் அடையாளக் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஓடுவது அந்தக் காலத்தில் சகஜம். செலிக்குக்குக் கிடைத்த காகிதம் எவனோ ஒரு காகனுடையது. இங்கே வந்து இறங்கினால், கோஹன் இல்லாமல் தவித்த புது ஜெபக்கூடம் பெயரைக் கேட்டதும் தூக்கி முன்னால் நிறுத்திவிட்டது. மறுத்தால் காகிதம் அம்பலம். மனுஷன் வாயை மூடிக்கொண்டார். அவர் செத்து ஒரு வருஷம் கழித்து விதவைதான் கல் நட்டாள். அவள் பொய் செதுக்கவில்லை. அதைப் பார்க்க மகனால் உள்ளே வர முடியவில்லை, அவன்தான் கோஹனாயிற்றே!

இனி ஹெஷலிடம் சொல்ல வேண்டும். முதல் அழைப்பு போய்விடுமே என்றும், மீதி வேலைக்குப் பணம் நின்றுவிடுமே என்றும் கவலைப்பட்டது உண்மைதான். ஆனால் நிஜமான பயம் அதுவல்ல. இத்தனை காலமும் சட்டம் தடுத்தது என்று நினைத்துத்தான் அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். இனி சட்டமும் இல்லை. இனியும் அவர் கேட்காவிட்டால், அவருக்கே இஷ்டமில்லை என்றாகிவிடும்.

வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்னால், இரண்டு படங்களையும் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கதையைச் சொன்னாள்.

"கல்தச்சன் தப்பு பண்ணியிருப்பான்" என்றார் ஹெஷல்.

"ரெண்டு கல்லுலயுமா?"

அவர் படங்களை ஓரமாக நகர்த்தினார். கரண்டியை எடுத்தார். சூப்பைக் குடித்தார். இன்னொரு கிண்ணம் வாங்கி அதையும் குடித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பைலா பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, மெழுகுவத்தி எரிந்து தீர்ந்த பிறகும் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு மனுஷனுக்கா இத்தனை கோழியை அறுத்தோம் என்று வயிறு எரிந்தது.

மறுநாள் காலை ஜெபக்கூடத்தில் வழக்கம்போல் கோஹனை அழைத்தார்கள். ஹெஷல் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் அழைத்தார்கள். எல்லாத் தலையும் திரும்பியது.

"என்ன ஹெஷல், உடம்பு சரியில்லயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு, வம்சம்தான் சரியில்ல. வேற ஆளைப் பாருங்க."

பெண்கள் பகுதியில் பைலாவின் கையிலிருந்த ஜெபப்புத்தகம் நழுவியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் இளம் ரப்பியையும் இழுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். பைலா உள்ளே நின்றாள். இவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

"உள்ள வாயேன்."

"நான் கோஹன் இல்லன்னு உறுதியானாத்தான் உள்ள வரலாம்."

"உள்ள வந்து கல்லைப் பார்த்தாத்தானேய்யா உறுதியாகும்?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

ரப்பி கழுத்தில் ஒரு கொசுவை அடித்துக்கொண்டு, "நான் பார்த்துச் சொல்றேன், சண்டை போடாதீங்க" என்று உள்ளே போனார். இரண்டு கல்லையும் தடவித் தடவிப் படித்தார். கேள்விமேல் கேள்வி கேட்டார். கடைசியில் அங்கிருந்தே கத்தினார். "வெறும் பேரை வச்சுத்தான் உங்களைக் கோஹன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கு. கல்லு வேற சொல்லுது. நீங்க லேவிதான், உள்ள வாங்க!"

ஹெஷல் ஒரு காலை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு தண்ணீரில் இறங்குகிற ஆள் மாதிரி உள்ளே வந்தார். முதலில் சிநேகிதனின் கல்லறையைக் கேட்டார், அங்கே தன் கையால் ஒரு கூழாங்கல் வைத்தார். அப்புறம்தான் தாத்தாவிடம் வந்தார்.

"யோவ் தாத்தா, ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செத்திருக்கக் கூடாதாய்யா?" என்று கல்லின்மேல் நெற்றியைச் சாய்த்தார்.

"முந்தாநாள் ரெண்டு கிண்ணம் இறங்கிச்சே, அப்ப எங்க போச்சு இந்தத் துக்கம்?" என்றாள் பைலா.

"கை நடுங்கிச்சு, பைலா. கரண்டியப் புடிச்சுக்கிட்டிருந்தா உனக்குத் தெரியாதுன்னு பார்த்தேன்." அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "என்னைக் கட்டிக்கிறியா?"

பைலாவின் கண்ணாடி, அவர் கடையில் வாங்கியது, நனைந்து மங்கிவிட்டது. "கொசு புடுங்குது. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள்.

"வேணாம். வந்து சொல்றேன்னு நானும் ஒரு தடவை போனேன். என்னாச்சு பார்த்தியா? இங்கயே சொல்லு."

"சரிடா, மண்டு."

ரப்பி கொசு அடிப்பதை நிறுத்திவிட்டு "மஸல் டோவ்!" என்று வாழ்த்தினார்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கொசு மருந்துச் செலவு எதிர்ப்பேதும் இல்லாமல் நிறைவேறியது.