ஃபாரத்தில் நான் எழுதிய ‘இல்லை’

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளுக்கு நெஞ்சு வலித்தால் அதற்கு ஒரே பெயர்தான்: கேஸ். இடது தோளிலிருந்து முழங்கை வரை இழுத்துப் பிடித்தாலும் கேஸ். வேர்த்து விறுவிறுத்துத் தரையில் உட்கார்ந்தாலும் கேஸ். உடனே ஒருவர் இஞ்சி தட்டுவார், இன்னொருவர் சோடா வாங்க ஓடுவார், மூன்றாமவர் முதுகைத் தடவிக்கொண்டு நேற்று ராத்திரி என்ன தின்றாய் என்று விசாரணை நடத்துவார். பாதிப் பேருக்கு ஏப்பம் வரும், எழுந்து போவார்கள். மீதிப் பேரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டிவரும்.

என் வீட்டுக்காரருக்கும் ஊரறிய கேஸ்தான். அது கேஸ் இல்லை, இருதயம் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். நான் பாறசாலையில் பள்ளிக்கூட டீச்சர். ஒரே மகள், காலேஜில் கடைசி வருஷம். நெய்யாற்றின்கரையில் நல்ல குடும்பத்தில், எங்கள் சபையிலேயே, ஒரு பையன் வீட்டிலிருந்து பேச்சு வந்திருந்தது. எங்கள் ஆட்கள் பெண் கேட்டு வரும்போது தேநீர் குடித்துக்கொண்டே பெண்ணின் அப்பனை மேலும் கீழும் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் உண்டு. இருதயக்காரன் வீட்டில் சம்பந்தம் வைத்தால் நாளைக்கு அந்தக் குடும்பப் பாரம் மருமகன் தலையில் விழும்.

அதனால் முதல் வலி வந்தபோதே இரண்டு பேரும் சேர்ந்து மூடிவிட்டோம். காரக்கோணம் ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் அங்கே வார்டுக்கு ஒரு சபைக்காரர் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். நல்ல மனசோடுதான் ஜெபிப்பார்கள், ஆனால் மைக்கில் ஜெபிப்பார்கள். எனவே களியக்காவிளை தாண்டி நாகர்கோவில் போய் டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை பாறசாலைக் கடையில் வாங்குவதில்லை, களியக்காவிளையில்தான். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஒரு இஞ்சி மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். கேஸ்காரர் இஞ்சி மிட்டாய் தின்றால் யாருக்குச் சந்தேகம் வரும்?

சிங்கப்பூரில் என் கொழுந்தன் இருந்தான். ‘பத்து நாள் வந்து நில்லுங்க மைனி’ என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவான். மகள் கல்யாணம் முடிந்தால் பிறகு எங்கே போக என்று இவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றேன். கேட்டால் வேண்டாம் என்பார் என்று கேட்கவில்லை. இதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான்.

டிக்கெட் போட்டுக் கொடுத்த திருவனந்தபுரம் ஏஜென்ட், வெளிநாட்டில் ஆஸ்பத்திரிச் செலவு நம்மால் தாங்க முடியாது, இன்சூரன்ஸ் எடுக்காமல் போகாதீர்கள் என்று ஒரு ஃபாரம் தந்தார். ஃபாரம் என்றால் எனக்கு அல்வா. எங்கள் தெருவில் பாஸ்போர்ட்டா, ரேஷன் கார்டா, பென்ஷனா, எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். ஃபாரத்துக்கு என்ன பதில் பிடிக்குமோ அதைத்தான் எழுத வேண்டும் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் உபதேசம். வயது முதல் அங்க அடையாளம் வரை எத்தனையோ பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.

நோய்கள் பற்றிய பகுதி வந்தபோது பேனா தானாக நின்றது. இருதய நோய் உண்டா? கடந்த இரண்டு வருஷத்தில் ஏதாவது சிகிச்சை? தொடர்ந்து சாப்பிடும் மருந்து?

“இல்லேன்னு எழுதுட்டீ” என்றார் அவர்.

“பொய்யாக்கும் இது. கடைசியில கையெழுத்தும் போடணும்.”

“உண்டுன்னு எழுதினா டாக்டருக்க சர்ட்டிபிகேட் கேப்பான். அந்த ஏஜென்ட் ஆரு? நம்ம சபைக்காரனாக்கும். அவனுக்க பெண்டாட்டிக்கு பையன் வீட்டுக்காரிய நல்லாத் தெரியும். அறிஞ்சா பின்ன நம்ம புள்ளைக்க காரியம் நடக்குமா?”

நடக்காது. அது எனக்கும் தெரியும். என்னுடைய முத்து முத்தான கையெழுத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக ‘இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நாகர்கோவில் டாக்டர் தந்த சீட்டையும் ஈசிஜி எடுத்த தாளையும் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். கொழுந்தன் பெண்டாட்டி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது? அவள் ஞாயிறு தோறும் நெய்யாற்றின்கரையில் இருக்கிற அம்மாவை ஃபோனில் கூப்பிட்டுப் பேசுகிறவள்.

சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கொழுந்தன் எங்களைப் பறவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். சுத்தமான பாதை, இரண்டு பக்கமும் கிளிகள். ஆனால் பாதை ஏற்றமாக இருந்தது, காற்று அசையவில்லை. கொழுந்தன் ஜூஸ் வாங்கப் போன நேரத்தில் இவர் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். மூடி திறக்க வரவில்லை, நான் திறந்து கொடுத்தேன். ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தார். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லட்டா?”

“மிண்டாத இரி, ஒருத்தங்கிட்டயும் சொல்லாத. இப்பம் சரியாவும்.”

கொழுந்தன் ஓடிவந்தான். “அண்ணா, என்னாச்சு?”

“கேஸாக்கும்லே” என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அப்ப சோடா வாங்கிட்டு வரட்டா?” என்றான் அவன். பதினைந்து வருஷமாய் சிங்கப்பூரில் இருக்கிறவன்! எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று கொடுக்கலாம் போல இருந்தது. என் கன்னத்திலும்தான், ஏனென்றால் நானும் வாயைத் திறக்கவில்லை. பூங்காவில் வேலை பார்க்கிற ஒரு சீனப் பெண் அந்த வழியாக வந்தாள். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், யாரையும் எதுவும் கேட்கவில்லை, இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்துப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. பெஞ்சில் கிடந்த டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு நர்ஸ் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழில் கேட்டாள். “அம்மா, இவங்களுக்கு முன்னாடியே ஹார்ட் பிரச்சினை இருக்கா? ஏதாவது மருந்து எடுக்குறாங்களா?”

ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். “கேஸ் எந்நு பறஞ்ஞால் மதி” என்றார். கேஸ் என்று சொன்னால் போதும். நாகர்கோவில் சொந்தக்காரர்கள் முன்னால் ரகசியம் பேச மலையாளம், திருவனந்தபுரத்துக்காரர்கள் முன்னால் பேசத் தமிழ், இது எங்கள் எல்லைக்காரர்களின் சாமர்த்தியம். சாகக் கிடக்கும்போதும் அந்தச் சாமர்த்தியம் அவரை விடவில்லை.

“இல்லை” என்றேன் நான் நர்ஸிடம். மறுபடியும் இல்லை.

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாக அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு டாக்டர் போனார், இன்னொருவர் வந்தார். உள்ளே ஏதோ மணி விட்டு விட்டு அடித்தது. பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது, ஏன் என்று புரியவில்லை என்று அவர்கள் ஆங்கிலத்தில் பேசியது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும் அல்லவா? நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை பிரஷரை இறக்கும் என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லியிருந்தார். கொழுந்தன் பக்கத்தில் வந்து, “மைனி, இன்சூரன்ஸ் உண்டுல்லா? அந்தப் பேப்பர எடுங்க, ஆபீஸ்ல காட்டணும்” என்றான்.

கைப்பையைத் திறந்தேன். மேலே இன்சூரன்ஸ் பேப்பர், அதற்கு அடியில் டப்பா. உண்மையைச் சொன்னால் அந்தப் பேப்பர் வெறும் காகிதம். கொழுந்தன் அறிவான், அவன் பெண்டாட்டி அறிவாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் நெய்யாற்றின்கரை அறியும். என் மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் நான் யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அப்போது அந்த நர்ஸ் மறுபடியும் வெளியே வந்தாள். கையில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு ஃபாரம். “அம்மா, இதைக் கொஞ்சம் நிரப்பித் தாங்க” என்று பேனாவை நீட்டினாள். அதே கேள்விகள். இருதய நோய் உண்டா? மருந்து உண்டா?

பேனாவை நான் வாங்கவில்லை. டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தேன். “உண்டு. ஒரு வருஷமா உண்டு. பூங்காவில வச்சு இதுல ரெண்டு நாக்குக்கு அடியில வச்சாரு. தினமும் காலையில வேற ஒரு மாத்திரையும்…” நான் முடிக்கும்வரை அவள் நிற்கவில்லை. டப்பாவோடு உள்ளே ஓடினாள்.

கொழுந்தன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். “மைனி…” என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே மணி அடிப்பதும் நிற்பதுமாக இருந்தது. அது மொத்தமாக நின்றபோது எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கால்கள் அசைகின்றனவா என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். நெடுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, பிரஷர் ஏறிவிட்டது, பிழைத்துக்கொண்டார் என்றார். நர்ஸ் பிறகு தனியாகச் சொன்னாள்: அவர் நாக்குக்கு அடியில் வைத்த அதே மருந்தைத்தான் நெஞ்சு வலிக்காக டிரிப்பில் ஏற்றத் தயாராக வைத்திருந்தார்களாம். “இன்னும் கொஞ்சம் லேட்டா சொல்லியிருந்தீங்கன்னா…” என்று அவள் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். “புள்ளைக்க காரியத்த நீ கெடுத்துப்போட்ட.”

“அப்பன் இல்லாத புள்ளையா அவளக் கெட்டிக் குடுக்கணுமோ?” என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உண்டு என்று எழுதியிருந்தால் டாக்டரிடம் போயிருப்போம், ஒன்று அவர் போகாதே என்றிருப்பார், இல்லையென்றால் சீட்டும் மருந்தும் கையுமாக முறையாக அனுப்பியிருப்பார். வீட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பாதி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனது. இப்போதும் யாராவது ஃபாரம் கொண்டுவந்தால் எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் நோய் இருக்கிற பக்கத்தைத் திருப்பும் முன் பேனாவை மூடி வைத்துவிட்டு உண்மையைக் கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள், போகட்டும்.

நாங்கள் திரும்பி வரும் முன்பே செய்தி ஊருக்கு வந்துவிட்டது. பையன் வீட்டார் ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

விமான நிலையத்துக்கு மகள் டாக்ஸி பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். டாக்ஸி நெய்யாற்றின்கரை தாண்டியது. பிறகு இவர் தொண்டையைச் செருமினார். “மக்கா, அப்பாக்கு அங்க வச்சு சின்னதா ஒரு கேஸ்…”

அவள் காலேஜ் பையைத் திறந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அதே மாத்திரை. கத்தரிக்காத முழுப் பட்டை.

“தீந்து போயிருக்கும்னு வாங்கி வச்சேன்ப்பா.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?” என்றார் அவர்.

“ஒரு வருஷமா. ஒங்க சட்டையத் தேய்க்கும்போ பையில ஒண்ணு இருந்துது. களியக்காவிளைக் கடையில காட்டிக் கேட்டேன். எப்படிக் குடுக்கணும்னு சொல்லித் தந்தாங்க. அதுல இருந்து ஒரு பட்டை எப்பவும் எங்கிட்ட உண்டு.”

“எனக்கிட்ட ஏன்ட்டீ சொல்லல்ல?” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்மா. அப்பா ஒங்ககிட்டயும் மறைக்காருன்னு நெனச்சேன். அறிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்…” காலேஜ் பையை மூடினாள். “தெனமும் காலேஜ் விட்டு வரும்போ, நம்ம வீட்டு முன்ன ஆளு கூடி நிக்குதான்னு பாத்துட்டுத்தான் பஸ்ஸ விட்டு எறங்குவேன்.”